கஞ்சாத் தோட்டத்தில் நட்டம் யாருக்கு?



வானொலியில் நாம் அடிக்கடி கேட்கிற ஒரு செய்தி உண்டு. "காட்டுக்குள் கஞ்சாத் தோட்டம் முற்றுகை. ஆயிரக்கணக்கான செடிகள் பிடுங்கித் தீ வைக்கப்பட்டன. காவலுக்கு இருந்த ஒருவர் கைது." அதோடு செய்தி முடியும், பாட்டு வரும். நாமும் அடுப்பு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

இந்த இதழில் அந்தச் செய்தியை நிறுத்தி வைத்து மூன்று கேள்வி கேட்போம். அந்தத் தோட்டம் ஏன் அந்தக் காட்டில் இருக்கிறது? அதற்குக் காசு போட்டது யார்? பிடிபட்ட அந்த ஒருவர் யார்? மூன்றாவது கேள்விதான் நம் வீட்டு வாசல் வரை வருகிறது. வேலை தேடி வெளியே போகும் நம் பிள்ளைகளும் அந்த ஒருவராகி விடலாம்.

1. மலையிலிருந்து கடலுக்குப் போகும் பாதை

கொழும்பிலிருந்து புறப்படும் ஏ4 வீதி நம்மில் பலருக்குத் தெரிந்த வீதிதான். ஹல்துமுல்லை, பெரகலை, கொஸ்லந்தை என்று தேயிலை மலையைச் சுற்றி இறங்கி, வெல்லவாய, புத்தல, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாக லாகுகலைக் காட்டைக் கடந்து பொத்துவிலில் கடலைக் காண்கிறது. அங்கிருந்து வடக்கே திரும்பி திருக்கோவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது என்று கரையோரமாகவே கல்முனை வரை போய், மட்டக்களப்பில் முடிகிறது.

இந்தக் கரையோர ஊர்களில் பெரும்பாலானவை தமிழ் பேசும் முஸ்லிம் மக்களின் ஊர்கள். இடையிடையே தமிழ் ஊர்களும் உண்டு. நெல், மீன், கடை வியாபாரம், மருதமுனைக் கைத்தறி, இவைதான் அங்குள்ளவர்களின் பிழைப்பு. துணிமூட்டையோடும் கருவாட்டோடும் நம் லயங்களுக்கு ஏறி வந்த காக்காமாரை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அட்டாளைச்சேனை என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அட்டாளை என்றால் காவல் பரண். சேனை என்றால் காட்டை வெட்டி எரித்துச் செய்யும் பயிர். சோளம், குரக்கன், பூசணி போட்டு, யானைக்கும் பன்றிக்கும் பயந்து பரணில் இரவெல்லாம் கண்விழித்துக் காப்பாற்றிய பரம்பரை அந்த மக்கள். அது மானமான உழைப்பு. கஞ்சா முதலாளி வந்து கேட்பதும் அதே உழைப்பைத்தான்: காடு வெட்டு, தண்ணி ஊத்து, பரணில் கண்விழி. பயிர் மட்டும் வேறு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விடுகிறோம். கஞ்சா பயிராவது கரையோர ஊர்களுக்குள் அல்ல. மொனராகலை, அம்பாறை, அம்பாந்தோட்டை மாவட்டங்களின் உலர்ந்த காடுகளுக்குள்தான் அது பயிராகிறது. தணமல்வில, சியம்பலாண்டுவ, லாகுகலை என்ற பெயர்கள் செய்தியில் திரும்பத் திரும்ப வருவது அதனால்தான். அதில் இறங்குகிறவர்கள் எந்த ஒரு இனத்தையும் மதத்தையும் சேர்ந்தவர்களும் அல்ல. "அந்தச் சனம் செய்யிற வேலை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம்மைப் பற்றியும் அப்படிப் பேசியவர்கள் இருந்தார்கள்.

2. ஏன் காட்டுக்குள்?

கஞ்சாச் செடிக்கு வெயிலும் கொஞ்சம் தண்ணீரும் போதும். வெளியான இடத்தில், நல்ல வயலில், வீட்டுத் தோட்டத்தில் எல்லாம் வளரும். அதைக் காட்டுக்குள் தள்ளியது மண்ணல்ல, சட்டம்.

நம் நாட்டில் இதற்கான அடிப்படைச் சட்டம் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம். கஞ்சாவை அனுமதியில்லாமல் பயிரிடுவதும் வைத்திருப்பதும் விற்பதும் இதன்படி குற்றம். 1973இல் பொலிஸ் போதைப்பொருள் பணியகம் உருவானது. 1984இல் சட்டம் திருத்தப்பட்டது. ஹெரோயின், கொக்கேயின், மோர்பின், அபின் ஆகியவற்றைக் குறித்த அளவுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை என்று ஆனது. கஞ்சா அந்த மரண தண்டனைப் பட்டியலில் இல்லை. ஆனாலும் சிறையும் தண்டப்பணமும் உண்டு. அதே 1984இல் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் அமைக்கப்பட்டது. 2022இல் வந்த திருத்தம் 'ஐஸ்' என்ற பொருளையும் கடும் தண்டனைப் பட்டியலில் சேர்த்தது.

இப்போது பயிரிடுகிறவன் எப்படி யோசிப்பான் என்று பாருங்கள். தன் பேரில் உறுதி உள்ள காணியில் நட்டால், செடி பிடிபடும்போது காணிக்காரனும் பிடிபடுவான். அரசாங்கக் காட்டில் நட்டால் காணிக்காரன் என்று யாருமில்லை. சாட்சி சொல்ல அயலவன் இல்லை. யானை நடமாடுவதால் சாதாரண ஆட்கள் வர மாட்டார்கள். ஆகவே சட்டம் கடுமையாகக் கடுமையாக, பயிர் உள்ளே உள்ளே போகிறது. அதனால் காட்டுக்கும் சேதம். மரம் வெட்டுப்படுகிறது, ஓடைத் தண்ணீர் திருப்பப்படுகிறது, மிருகங்களுக்குக் கண்ணி வைக்கிறார்கள். லாகுகலை 1980இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனவர்களுக்கு அந்தப் பக்கத்துக் காட்டின் அருமை தெரியும்.

3. பயத்துக்குக் கூலி

தடை செய்த பொருளுக்கு விலை ஏன் கூடுகிறது? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். தடை இல்லாவிட்டால் ஒரு பொருள் 10 ரூபாவுக்கு விற்கும் என்று வைத்துக்கொள்வோம். தடை வந்த பிறகு அது 100 ரூபாவுக்கு விற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மண்ணும் அதேதான், உழைப்பும் அதேதான். கூடிய 90 ரூபா எதற்கு? பிடிபடும் பயத்துக்கான கூலி அது.

பயப்படுகிறவன் ஒருவன், அந்தக் கூலியை எடுக்கிறவன் இன்னொருவன். விஷயம் இதுதான்.

காசு போடுகிறவர் டவுனில் இருக்கிறார். அரிசி, பருப்பு, தண்ணீர்க் குழாய், கொஞ்சம் முற்பணம் கொடுத்து இரண்டு மூன்று பேரைக் காட்டுக்கு அனுப்புகிறார். அறுவடை முடிந்துதான் மீதிக் காசு. இடையில் முற்றுகை நடந்தால், பரணில் இருக்கிறவனுக்கு விலங்கு. முதலாளிக்கு நட்டம் ஒரு போகத்துச் செலவு மட்டும். அடுத்த போகத்துக்கு வேறு இரண்டு பேர். காவலாளிக்கு முதலாளியின் சரியான பேரே தெரிந்திருக்காது. தெரிந்தாலும் சொல்லப் பயப்படுவான்.

கல்முனைப் பக்கத்திலிருந்து வந்த வயதான வியாபாரி ஒருவரிடம் இது பற்றிப் பேசினோம். அவர் சொன்னது இது:

"காட்டுக்குள்ள போறவன் ஏழை, மகன். காசு போடுறவன் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கிட்டு ஊருக்குள்ள இருக்கான். புடிபட்டா இவன்ட உம்மாதான் கோர்ட்டு வாசல்ல நிப்பா. அவன்ட வீட்டுல ஒரு விளக்கும் அணையாது."

நமக்கு இது புதிய பாடம் இல்லை. கொழுந்து எடுக்கிற கைக்கும் தேத்தண்ணிக் கோப்பைக்கும் இடையில் எத்தனை கை இருக்கிறது, எந்தக் கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று நமக்குத் தெரியும். அங்கே சங்கம் உண்டு, சம்பளச் சபை உண்டு, சேமலாப நிதி உண்டு. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா என்று ஏறியதும் போராடித்தான். காட்டுத் தோட்டத்தில் இவை ஒன்றுமே கிடையாது. சொன்ன கூலியைத் தராவிட்டால் எந்தத் தொழிற் திணைக்களத்தில் போய் முறையிடுவது?

4. பிடுங்கினால் போய்விடுமா?

பொலிசாரும் விசேட அதிரடிப்படையினரும் ஆண்டுதோறும் செடிகளைப் பிடுங்குகிறார்கள். 2023 டிசம்பரில் 'யுக்திய' என்ற பேரில் நாடு முழுக்கப் பெரிய நடவடிக்கை தொடங்கியது. 2025 ஒக்டோபரில் இன்னொரு தேசியத் திட்டம் தொடங்கியது. சட்டத்தை நடைமுறைப்படுத்துவது அவசியம்தான். ஆனால் பிடுங்கினால் மட்டும் போதுமா என்பதற்குப் பக்கத்து நாட்டில் ஒரு பாடம் இருக்கிறது.

கேரளத்தின் இடுக்கி மலை, நம் மலைநாட்டைப் போல ஏலமும் தேயிலையும் விளையும் இடம். ஒரு காலத்தில் அங்கே காட்டுக்குள் விளைந்த கஞ்சா பேர் பெற்றது. கேரள அதிகாரிகள் பல ஆண்டுகள் தொடர்ந்து முற்றுகையிட்டார்கள். இடுக்கியில் பயிர் ஒடுங்கியது. ஆனால் கஞ்சா ஒழியவில்லை. ஆந்திரா, ஒடிசா எல்லையில் உள்ள ஆதிவாசி மக்களின் மலைகளில் பெருகியது. 2021இல் ஆந்திரப் பொலிசார் 'பரிவர்த்தனா' என்ற நடவடிக்கையில் விசாகப்பட்டினத்து மலைப்பகுதியில் 7,500 ஏக்கருக்கு மேல் அழித்தார்கள். அங்கே நட்டவர்களும் காணி, ரோடு, சந்தை எதுவும் சரியாகக் கிடைக்காத ஏழை மலைச் சனங்கள்தான்.

நம் நாட்டில் மன்னார், யாழ்ப்பாணம், கற்பிட்டிக் கரைகளில் பிடிபடுவதைக் 'கேரளக் கஞ்சா' என்கிறோம். பேர்தான் கேரளம். அதில் பெரும் பங்கு ஆந்திரா, ஒடிசாப் பக்கம் விளைந்து, தமிழ்நாட்டுக் கரையிலிருந்து படகேறி வருவது. தோட்டம் இடம் மாறிவிட்டது, பழைய ஊரின் பேர் மட்டும் மூட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பலூனை ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் வீங்கும் என்பது இதுதான்.

இன்னொரு விளைவும் உண்டு. கஞ்சா மூட்டை பெரிது, வாசம் வேறு காட்டிக்கொடுக்கும். சோதனை கூடும்போது, சட்டைப் பைக்குள் ஒளிக்கக்கூடிய சரக்கு கடத்துகிறவனுக்கு வசதியாகிறது. ஹெரோயினும் ஐஸும் அப்படிப்பட்டவை. கிழக்குக் கரையிலும் சரி, நம் தோட்டப் பக்கத்து டவுன்களிலும் சரி, பெற்றோரை இன்று அதிகமாகப் பயமுறுத்துவது ஐஸ்தான். ஆகவே ஒரு கொள்கையை எடைபோடும்போது எத்தனை செடி பிடுங்கினார்கள் என்று மட்டும் கேட்கக்கூடாது. அந்த இடத்தில் பிறகு என்ன வந்தது என்றும் கேட்க வேண்டும்.

5. அனுமதி கொடுத்தால் ஏழைக்கு வழி பிறக்குமா?

"அப்படியென்றால் அரசாங்கமே அனுமதி கொடுத்துவிட்டால் என்ன?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

நம் நாட்டில் ஆயுர்வேத மருந்துக்குக் கஞ்சா பாவிப்பது பழைய வழக்கம். சட்டமும் அதற்கு இடம் வைத்திருக்கிறது. ஆனால் வைத்தியர்களுக்குக் கிடைத்தது நீதிமன்றங்களில் வழக்கு முடிந்த பழைய கஞ்சா. பல வருசம் கிடந்து வீரியம் போனது. இதைக் காரணம் காட்டி 2017இல் அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன, மருந்துக்காக அரசாங்கக் கட்டுப்பாட்டில் பயிரிடும் யோசனையை அறிவித்தார். 2025 ஓகஸ்டில் வேறொரு வடிவம் வந்தது. ஏற்றுமதிக்காக மட்டும், மீரிகம முதலீட்டு வலயத்தில் 64 ஏக்கரில் பயிரிட, 7 வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அனுமதி வழங்கப்பட்டது. ஒவ்வொருவரும் பல மில்லியன் டொலர் போட வேண்டும். நாட்டுக்குள் விற்க முடியாது.

இதைப் பிழையாக விளங்கிக்கொள்ளாதீர்கள். "கஞ்சா இப்ப சட்டப்படி சரியாப் போச்சு" என்று யாராவது சொன்னால் அது பொய். நீங்களோ நானோ ஒரு செடி நட்டாலும் குற்றம்தான். இந்த அனுமதியில் லாகுகலைக் காட்டில் பரண் கட்டியவனுக்கும் ஓர் இடமும் இல்லை. கதவு திறந்திருக்கிறது, ஆனால் டொலர் உள்ளவருக்குத்தான்.

மொரோக்கோ நாடு வேறு விதமாகச் செய்தது. அங்கே ரிஃப் என்ற மலையில் ஏழைக் குடியானவர்கள் தலைமுறையாகக் கஞ்சா பயிரிட்டார்கள், பிடி விறாந்துக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்தார்கள். 2021இல் வந்த சட்டம், மருந்துக்கும் தொழிற்சாலைக்கும் மட்டும், குறித்த மூன்று மாகாணங்களில் உள்ள அந்த மக்களே கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து பயிரிட அனுமதித்தது. 2024 ஓகஸ்டில் அந்நாட்டு அரசர் 4,800க்கும் மேற்பட்ட கஞ்சா விவசாயிகளுக்கு மன்னிப்பு வழங்கினார். எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. கள்ளச் சந்தை அங்கே இன்னும் இருக்கிறது. ஆனால் சட்டம் எழுதும்போது மலைக் குடியானவனை நினைத்து எழுதினார்கள்.

தாய்லாந்து அவசரப்பட்டது. 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. ஒழுங்கான விதிகள் வருமுன்பே கடைகள் பெருகின. 2025 ஜூனில் வைத்தியச் சீட்டு இருந்தால்தான் வாங்கலாம் என்று மறுபடி இறுக்கினார்கள். திறப்பதற்கும் மூடுவதற்கும் முன்னே யோசனை வேண்டும் என்பதற்கு இது உதாரணம்.

6. செடிக்குப் பதில் என்ன?

அதே தாய்லாந்தில் நாம் கவனிக்க வேண்டிய நல்ல கதை ஒன்றும் இருக்கிறது. வடக்கு மலைகளில் மலைச் சாதியினர் அபின் பயிரிட்டு வாழ்ந்தார்கள். பலருக்குக் குடியுரிமை இல்லை, ரோடு இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. குடியுரிமை இல்லாமல் இருப்பது என்னவென்று 1948க்குப் பிறகு தலைமுறையாக அனுபவித்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1969இல் அரசர் பூமிபால் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். பழ மரம், மரக்கறி, கோப்பி, தேயிலை கொடுத்தார்கள். விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுவர வழி செய்தார்கள். செடியைப் பெரிய அளவில் அழிக்கத் தொடங்கியது 1984 அளவில்தான். அதாவது, முதலில் சோற்றுக்கு வழி, பிறகு பிடுங்கல். பல ஆயிரம் ஹெக்டயரில் இருந்த அபின் பயிர் சில நூறு ஹெக்டயராகக் குறைந்தது. அது முடிய இருபது முப்பது வருசம் எடுத்தது.

நம் கிழக்குக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும். அம்பாறை நெல் விளையும் பூமி. கல் ஓயாத் திட்டத் தண்ணீர் பாயும் வயல்கள் நாட்டுக்கே சோறு போடுகின்றன. ஆனால் அறுவடைக் காலத்தில் நெல் விலை விழுந்தால் கடன்பட்ட சின்ன விவசாயிக்கு என்ன மிஞ்சும்? போடியாரின் வயலில் கூலிக்கு நிற்பவனுக்கு என்ன மிஞ்சும்? அந்தக் கடன்காரனைத் தேடித்தான் முற்பணத்தோடு ஆள் வருகிறது. நெல்லுக்கு நிலையான விலை, காணிக்கு உறுதி, தறிக்கு நூல், மீனுக்குக் குளிரறை, இவையும் போதைப்பொருள் கொள்கைதான். அப்படி யாரும் பேர் வைப்பதில்லை, அவ்வளவுதான். நம் தோட்டங்களுக்கும் இதே கணக்குத்தான். காணி உறுதியும் நிரந்தர வேலையும் உள்ள வீட்டுப் பிள்ளையைக் காட்டுக்குக் கூப்பிட்டால் இலேசில் போக மாட்டான்.

7. நம் வீட்டில் செய்ய வேண்டியவை

அரசாங்கக் கொள்கை மாறும்வரை நாம் சும்மா இருக்க முடியாது. கீழே உள்ளவற்றை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

(அ) "மூன்று நாலு மாதச் சேனை வேலை, சாப்பாடு இலவசம், முற்பணம் உண்டு" என்று யாராவது வந்தால், முதலாளியின் பேர், ஊர், காணி எது, என்ன பயிர் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

(ஆ) அடையாள அட்டையை எவரிடமும் அடகாகக் கொடுக்காதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கையும் தொலைபேசி இலக்கத்தையும் பிறர் பாவிக்க விடாதீர்கள்.

(இ) பஸ்ஸில் "இந்தப் பொதியை இறங்கிற இடத்துல குடுத்துடு தம்பி" என்றால் வாங்காதீர்கள். யார் கையில் இருக்கிறதோ அவர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

(ஈ) யாராவது கைதானால், எந்தப் பொலிஸ் நிலையம் என்று உடனே விசாரியுங்கள். சாதாரணமாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். விளங்காத பாசையில் எழுதிய தாளில் கையெழுத்து வைக்கச் சொன்னால், தமிழில் வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லாவிட்டால் நீதிமன்றங்களோடு உள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள்.

(உ) வீட்டில் ஒரு பிள்ளை கஞ்சாவோ ஐஸோ பாவிப்பதாகத் தெரிந்தால் அடித்துத் துரத்தாதீர்கள். துரத்தப்பட்ட பிள்ளைதான் சாமான் கொண்டு போக ஆள் தேடுகிறவனுக்குச் சுலபமாகக் கிடைப்பான். தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம். இள வயதில் கஞ்சா பாவிப்பது ஞாபக சக்தியையும் படிப்பையும் கெடுக்கும். சிலருக்கு மனநோயையும் கிளப்பி விடும்.

சுருக்கமாகச் சொன்னால், தடை ஒரு செடியை அழிப்பதில்லை. அது எங்கே முளைக்க வேண்டும், யார் தலையில் ஆபத்து விழ வேண்டும் என்று தீர்மானிக்கிறது. இன்றைக்கு அது காட்டில் முளைக்கிறது, ஏழையின் தலையில் விழுகிறது. காசு போடுகிறவரைத் தேடிப் பிடிக்கும் சட்டமும், சேனைக்காரனுக்கு வேறு பிழைப்பைக் கொடுக்கும் திட்டமும் சேர்ந்து வந்தால்தான் இது மாறும். அந்த இரண்டையும் கேட்பதற்கு மலையில் உள்ள நமக்கும் கரையில் உள்ள அவர்களுக்கும் ஒரே உரிமை உண்டு.

கலந்து பேசுவதற்கு

1. நம் தோட்டத்திலிருந்து வெளியே வேலைக்குப் போகும் இளைஞர்கள் எங்கே, யாரிடம் வேலை செய்கிறார்கள் என்று வீட்டாருக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் என்ன செய்யலாம்?

2. கஞ்சா முதலாளியையும் காவலாளியையும் சட்டம் ஒரே விதமாகப் பார்க்க வேண்டுமா? உங்கள் காரணம் என்ன?

3. தாய்லாந்தில் முதலில் சோற்றுக்கு வழி செய்தார்கள். நம் ஊரில் அப்படிச் செய்வதென்றால் முதலில் எது வர வேண்டும்: காணியா, ரோடா, தொழிற்பயிற்சியா?

மாதர் சங்கக் கூட்டத்திலும் இளைஞர் கூட்டத்திலும் இவற்றைப் பேசி, உங்கள் கருத்துகளை நமக்கு எழுதி அனுப்புங்கள். நல்லவற்றை அடுத்த இதழில் வெளியிடுவோம்.